வழிநூலான மரியோ

தொண்ணூறுகளில் புதுக்கோட்டையில், ‘டிவி கேம்’ என்று விற்ற போலிப் பெட்டியில்தான் ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ ஆடினேன்.

1985இல் நின்டெண்டோ வெளியிட்ட அவ்விளையாட்டை, உரிமம் பெற்ற ஹட்சன் சாஃப்ட் 1986இல் என்இசி பிசி-8801, ஷார்ப் எக்ஸ்1 ஆகிய ஜப்பானிய வீட்டுக் கணினிகளுக்கு ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ் ஸ்பெஷல்’ என மாற்றியமைத்தது. இரண்டில் எது சிறந்தது? எக்ஸ்1 என்று எளிதில் சொல்லிவிடலாம்; நிறத்தில் அது மூலத்தை நெருங்குகிறது. எனக்கோ நிறம் வெறும் பாடபேதம். யாப்புக் குலைந்தது வேறிடத்தில். மூலத்தில் மரியோ ஓட, களமும் உடன் நகரும். இவ்விரண்டிலும் திரையின் விளிம்பை அடைந்த பின்னரே அடுத்த காட்சி. எதிரே குழியா, தரையா என அறியாமலே தாவ வேண்டும். இக்குறையில் இரண்டும் ஒன்றே.

ஆயினும் இவற்றை வெறும் நகலென்று இகழலாகாது. புதிய கட்டங்களும், ‘டாங்கி காங்’ விளையாட்டின் பீப்பாய்களும் இவற்றில் சேர்ந்துள்ளன. வழிநூலின் வகைகளுள் விரித்தலையும் ஒன்றாகத் தொல்காப்பியர் வைத்தாரன்றோ? மூலத்திலிருந்து எவ்வளவு குறைந்தது என்பதோடு, என்ன கூட்டியது என்றும் கேட்பதே முறை.

போலிப் பெட்டியில் ஆடி வளர்ந்த எனக்கு, மூலத்தின் பெருமையை மட்டும் பேசும் தகுதி ஏது?