மேகத்துக்குள் கைகொடுக்குமா வீட்டுக் கணினி?

திருப்பூருக்கு அருகிலுள்ள சூலூர் விமானப் படைத் தளத்திலிருந்து 2021 டிசம்பர் 8 அன்று புறப்பட்ட ஹெலிகாப்டர் குன்னூர் அருகே விழுந்து நொறுங்கியதில், முப்படைகளின் தலைமைத் தளபதி விபின் ராவத் உள்பட 14 பேர் உயிரிழந்தனர். எந்திரக் கோளாறோ சதியோ இதற்குக் காரணமல்ல. பள்ளத்தாக்கில் வானிலை திடீரென மாறியதால் ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைய, விமானிக்கு ஏற்பட்ட நிலை உணர்வுத் தடுமாற்றமே காரணம் என்று முப்படை விசாரணைக் குழு முதற்கட்டமாகக் கண்டறிந்தது.

அனுபவம் மிக்கவர்களையும் வீழ்த்தும் தடுமாற்றம் இது. தொடுவானம் கண்ணிலிருந்து மறைந்ததும், உட்காதின் சமநிலை உறுப்பு பொய் சொல்லத் தொடங்குகிறது. விமானம் சாய்ந்து வட்டமிடும்போதும் நேராகச் செல்வதாகவே உடல் நம்புகிறது. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகம் 1954-இல், கருவிவழிப் பறத்தலில் பயிற்சி இல்லாத 20 பேரை வெளிக்காட்சியை மறைத்து விமானத்தை இயக்கச் செய்தது. அவர்கள் சராசரியாக 178 விநாடிகளில் கட்டுப்பாட்டை இழந்தனர்.

இதற்குத் தீர்வு, உடலை நம்பாமல் செயற்கைத் தொடுவானம், உயரமானி, திசைகாட்டி ஆகியவற்றை இடைவிடாது மாறிமாறிப் பார்த்து விமானத்தை இயக்கும் பயிற்சியே. வணிக விமானி உரிமம் பெற இன்று ஏறத்தாழ அரை கோடி ரூபாய் தேவைப்படுகிறது. நிலத்தை அடகு வைத்தோ கல்விக் கடன் பெற்றோ பிள்ளையைப் பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பும் குடும்பத்துக்கு, வானில் வீணாகும் ஒவ்வொரு மணி நேரமும் கடன் சுமைதான். இந்நிலையில், வீட்டுக் கணினியில் ஃபிளைட் சிமுலேட்டர் மென்பொருளையும் ஜாய்ஸ்டிக்கையும் கொண்டு முன்கூட்டியே பழகிக்கொள்வது இளைஞர்களுக்கு நியாயமான வழியாகவே தோன்றும்.

இது விளையாட்டு என்று ஒதுக்கத்தக்கதல்ல. 1934-இல் அமெரிக்க ராணுவம் வான்வழி அஞ்சலைக் கொண்டுசெல்லும் பொறுப்பை ஏற்றபோது, மோசமான வானிலையில் விமானிகள் அடுத்தடுத்து மாண்டனர். அதன் பிறகே எட்வின் லிங்க் உருவாக்கிய தரைப் பயிற்சிக் கருவியை அது வாங்கியது. இசைக்கருவித் தொழிற்சாலையில் வளர்ந்த அவர், ஆர்கனின் காற்றுத் துருத்திகளைக் கொண்டே அதை அசையச் செய்திருந்தார்.

துணியை வெட்டுமுன் கணினியில் பேட்டர்ன் வரைந்து, மார்க்கர் போட்டுப் பார்ப்பது திருப்பூருக்குப் பழகிய முறை. திரையில் திருத்தப்படும் தவறால் துணி வீணாவதில்லை. ஆனால், துவைத்தால் துணி எவ்வளவு சுருங்கும் என்பதை அறிய அதைத் தண்ணீரில் போட்டே ஆக வேண்டும். வீட்டு சிமுலேட்டரும் அவ்வாறே. கருவிகளைப் பார்க்கும் வரிசை, தரையிறங்கும் நடைமுறை, வானொலி அலைவரிசை மாற்றம் ஆகியவற்றை அது நன்றாகக் கற்றுத்தரும். நாற்காலியில் அசையாமல் அமர்ந்திருப்பவருக்கு உட்காதின் பொய்யை அதனால் உணர்த்த இயலாது. திருத்த ஆசிரியர் இல்லாதபோது தவறான பழக்கமும் ஆழமாக வேரூன்றிவிடும்.

அமெரிக்காவில் வீட்டுக் கணினிப் பயிற்சி உரிமக் கணக்கில் சேராது. எனினும், அங்கீகாரம் பெற்ற எளிய வகைப் பயிற்சிக் கருவியில், பயிற்றுநர் முன்னிலையில் பெறும் 10 மணி நேரம் வரை கருவிவழிப் பறத்தல் தகுதிக்கு ஏற்கப்படுகிறது. இந்தியாவிலும் அங்கீகரிக்கப்பட்ட சிமுலேட்டர் நேரத்துக்கே மதிப்பு. போலிச் சான்றிதழ்களும் பொய்யான பறப்பு நேரக் கணக்குகளும் 2011-இல் அம்பலமான நாட்டில் இக்கண்டிப்பு அவசியமே.

ஆகவே, விதியைத் தளர்த்துவதைவிட வசதியைப் பெருக்குவதே தேவை. விமானப் போக்குவரத்து இயக்குநரகம் குறைந்த விலைக் கருவிகளுக்குத் தெளிவான தரம் வகுக்கலாம். அரசுப் பொறியியல் கல்லூரிகளில் அவற்றை நிறுவி, தகுதியுள்ள பயிற்றுநரை அமர்த்தலாம். வீட்டுக் கணினியில் பழகிய மாணவர் பெருந்தொகை கட்டுவதற்கு முன்பே தன் குறைகளை அங்கு அறிந்துகொள்வார். மேகத்துக்குள் தன் உடலை நம்பக் கூடாது என்ற பாடத்தை மட்டும் அவர் வானில்தான், பயிற்றுநர் அருகிருக்கக் கற்க வேண்டும். அதற்கான பணத்தையும் நேரத்தையும் தரையில் மிச்சப்படுத்தித் தருவதே சிமுலேட்டரின் பயன்.