வேலை போனால் வீடும் போவதா?

ஏலமலைத் தோட்ட லயத்தில் குடியிருந்த கம்பம், போடித் தொழிலாளிகளுக்கு நாம் சொல்லத் தேவையில்லை: வேலை போனால் கூரையும் போகும். கடன்பட்டுப் படிக்கவைத்து அமெரிக்கா அனுப்பிய பிள்ளையின் கதியும் அதுதான்!

எச்-1பி விசாக்காரர் வேலையிழந்தால், 2017 முதல் உள்ள விதிப்படி, அதிகபட்சம் 60 நாள் தவணை. அதற்குள் புது முதலாளி மனுப் போடவேண்டும்; அல்லது வேறு விசா கேட்கவேண்டும்; இல்லையேல் மூட்டை கட்டவேண்டும்.

கிரீன் கார்டு என்னும் நிரந்தரவாச உரிமைக்கும் பெரும்பாலும் முதலாளிதான் மனுச் செய்கிறார். ஆண்டு ஒதுக்கீட்டில் ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கு 7 சதவீதமே வரம்பு. ஆகவே இந்தியர்கள் ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடக்கிறார்கள். கடைசி விண்ணப்பம் 180 நாள் நிலுவையில் இருந்தால் அதே வகை வேலைக்கு மாறலாம் என்கிறது 2000-ம் ஆண்டுச் சட்டம். அதற்கு முன் மாறினால் புது முதலாளி திரும்பவும் மனுச் செய்யவேண்டும். முதல் மனு மஞ்சூராகியிருந்தால் பழைய வரிசை இடம் பொதுவாகத் தப்பும்.

இந்த நிலையில் கூலி உயர்வு கேட்க யாருக்கு வாய் வரும்?

பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்: மனு நகல்கள் உங்கள் கையில் இருக்கட்டும், வேலை போன அன்றே நாளை எண்ணத் தொடங்குங்கள். லயமானாலும் கிரீன் கார்டானாலும் சாவி முதலாளி கையில் இருக்கக்கூடாது. உழைத்த இடத்தில் வாழும் உரிமை உழைத்தவனுக்கே!