வெளுத்ததெல்லாம் பால் இல்லை: ஜெட் ஸ்கீ சீட்டும் பிளீச்சும்

பி.காம் படிக்கிறவனுக்கு ஜெட் ஸ்கீ சீட்டில் பூஞ்சணம் பிடித்தால் என்ன, பிடிக்காவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இந்த விஷயத்தில் பூஞ்சை பாதி என்றால் கணக்குப்பதிவியல் மீதிப் பாதி. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

கவாசாகி நிறுவனம் 1970களின் தொடக்கத்தில் 'ஜெட் ஸ்கீ' என்ற பெயரில் விற்ற வண்டியை நின்றுகொண்டுதான் ஓட்ட வேண்டும். சீட்டே கிடையாது, அதனால் சீட் பஞ்சாயத்தும் கிடையாது. யமஹா 1986ல் வேவ் ரன்னரைக் கொண்டுவந்த பிறகு உட்கார்ந்து ஓட்டும் ரகம் பரவியது. கூடவே இந்தத் தலைவலியும் பரவியது.

கோவாவை எடுத்துக்கொள்வோம். காலேஜ் டூர் போனவர்கள் பாகா, கலங்குட் கடற்கரையில் வரிசையாக நிற்கும் ஜெட் ஸ்கீக்களைப் பார்த்திருப்பீர்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, கடல் கொந்தளிப்பு. வண்டிகளுக்கு அப்போது ஓட்டமில்லை. உப்புத் தண்ணீரில் ஊறிய சீட்டை அப்படியே தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டி வைத்தால் நாலு மாசத்தில் என்ன ஆகும்? கறுப்புப் புள்ளி புள்ளியாகப் பூத்திருக்கும். சீசன் தொடங்கும்போது பார்ப்பவர் செய்கிற முதல் காரியம், பிளீச்சை எடுத்துத் தேய்ப்பது. அரை மணி நேரத்தில் சீட் பளிச்!

நான் சண்டை போடுவது இந்தப் 'பளிச்'சோடுதான்.

சீட் எப்படிச் செய்யப்படுகிறது என்று பாருங்கள். நம்ம ஊரில் பைக் சீட் தைக்கும் கடையில் நடப்பதுதான். அடியில் ஒரு பிளாஸ்டிக் தட்டு, மேலே ஸ்பாஞ்ச், அதன் மேல் ரெக்சினை இழுத்து, அடிப்பக்கம் ஸ்டேப்ளர் பின் அடிப்பார்கள். ரெக்சின் என்று நாம் சொல்வது துணியின் மேல் பூசிய வினைல். வினைலுக்குள் தண்ணீர் இறங்காது, வாஸ்தவம். ஆனால் தையல் ஓட்டை வழியாக இறங்கும், பின் அடித்த இடம் வழியாக இறங்கும். இறங்கிய தண்ணீரை ஸ்பாஞ்ச் குடித்து வைத்துக்கொள்ளும். கடல் உப்பு காற்றிலுள்ள ஈரத்தையும் இழுக்கும். அழுக்கு, வியர்வை, சன்ஸ்கிரீன் எண்ணெய், வினைலை மிருதுவாக வைத்திருக்கச் சேர்க்கும் பிளாஸ்டிசைசர் எல்லாமே பூஞ்சைக்குச் சாப்பாடு. தார்ப்பாய் அதற்குக் கூரை.

இப்போது பிளீச் என்ன செய்கிறது? மேலே இருக்கும் பூஞ்சையைக் கொல்லும், அதன் நிறத்தையும் போக்கும். உள்ளே ஸ்பாஞ்சில் இருப்பதைத் தொடாது. கண்ணுக்குத் தெரிவது மட்டும் சுத்தமாகிவிடும். இதற்கு எங்கள் பாடத்தில் 'விண்டோ டிரஸ்ஸிங்' என்று பெயர். கம்பெனி நஷ்டத்தில் இருக்கும்போது இருப்புநிலைக் குறிப்பை மட்டும் அழகாகக் காட்டுகிற வேலை. அதோடு விடுகிறதா? அடிக்கடி போட்டால் வினைல் வறண்டு வெடிக்கும், நைலான் நூல் இற்றுப்போகும். நூல் இற்றால் தண்ணீருக்கு இன்னும் பெரிய வழி. அடுத்த வருஷம் பூஞ்சணம் வட்டியோடு வரும்.

சரி, என்னதான் செய்வது? பெரும்பாலான வண்டிகளில் சீட்டைத் தனியாகக் கழற்றலாம். கழற்றி, நல்ல தண்ணீரில் உப்புப் போகக் கழுவுங்கள். லேசான சோப்புத் தண்ணீரும் மெத்தென்ற பிரஷ்ஷும் போதும். தையல் ஓரத்துக்குப் பழைய டூத் பிரஷ். அதற்கும் மசியாத பூஞ்சணத்துக்கு வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து தடவி, கால் மணி நேரம் கழித்துக் கழுவலாம். முக்கியமான வேலை அதற்குப் பிறகுதான்: துணியால் துடைத்து, சீட்டைச் செங்குத்தாக நிறுத்தி, நிழலில், காற்றோட்டத்தில் இரண்டு மூன்று நாள் உலர விடுவது. மூடி வைக்கும்போதும் காற்று போக இடைவெளி வேண்டும்.

பிடிவாதமான கறைகள் எல்லாம் ஒரே ஜாதி இல்லை. பழுப்பு நிறம் என்றால் ஸ்டேப்ளர் பின் துருவாக இருக்கலாம். அதற்கு பிளீச் போட்டால் துரு கூடும், எலுமிச்சைச் சாறு போட்டுப் பாருங்கள். இளஞ்சிவப்புக் கறை என்றால் நுண்ணுயிர்கள் உண்டாக்கிய சாயம் வினைலுக்குள்ளேயே கரைந்துவிட்டது என்று அர்த்தம். தேய்த்துப் பயனில்லை. உறையை மாற்றுங்கள், ஸ்பாஞ்சையும் பாருங்கள். தின்னர், அசிட்டோன் பக்கமே போகாதீர்கள். கறையோடு வினைலின் மேல்பூச்சும் போய்விடும்.

இனி கணக்கு. ஒரு பேச்சுக்கு உறையின் விலை 6000 ரூபாய், ஆயுள் 3 வருடம் என்று வைத்துக்கொள்வோம். நேர்கோட்டு முறையில் தேய்மானம் வருடத்துக்கு 2000. பிளீச் போட்டுப் போட்டு ஒரே வருடத்தில் கிழிந்தால், அந்த ஒரு வருடத்தின் செலவு 6000. கழுவி உலர்த்துவது வருவாயினச் செலவு என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்குகிறோம். சின்னதை மிச்சம் பிடித்துப் பெரியதில் கோட்டை விடுவதை எந்தப் பேரேடும் லாபம் என்று எழுதாது.

'சில வினைல் தயாரிப்பாளர்களே பிளீச் போடலாம் என்கிறார்களே?' என்று கேட்கலாம். ஆமாம், தண்ணீர் நிறைய கலந்து, கடைசி வழியாக, உடனே அலசிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. அந்த நிபந்தனைகளைத்தான் யாரும் படிப்பதில்லை.

இதில் பணத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. இந்தத் தேய்க்கும் வேலையை முதலாளி செய்வதில்லை. தினக்கூலிக்கு வரும் ஒருவர், மூடிய ஷெட்டுக்குள், கையுறை இல்லாமல் செய்வார். பிளீச்சோடு வினிகரோ கழிவறை கழுவும் ஆசிட்டோ சேர்ந்தால் குளோரின் வாயு வரும். அமோனியா உள்ள கிளீனர் சேர்ந்தால் குளோரமின். இரண்டுமே நுரையீரலைப் பதம் பார்க்கும். ஒரு சீட்டின் வெள்ளைக்கு இன்னொருவர் மூச்சை விலையாக வைக்க நமக்கு உரிமை இல்லை.

ஈரத்தைத் துரத்துங்கள், பூஞ்சணம் தானாகப் போகும். ஈரத்தை விட்டுவிட்டு நிறத்தை மட்டும் துரத்தினால், ஒவ்வொரு செப்டம்பரிலும் அதே பிளீச், அதே தேய்ப்பு.

டிஸ்கி: ஜெட் ஸ்கீ இல்லாதவர்கள் வருத்தப்பட வேண்டாம், என்னிடமும் இல்லை :-) மழையில் நனைந்த பைக் சீட்டுக்கும் இதே வைத்தியம்தான். நனைந்த சீட்டின் மேல் பிளாஸ்டிக் கவரை மாட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கும் விடுதி நண்பர்கள் கவனிக்க!