கீழே விழாத விமானம்

பட்டர்வொர்த்தில் குடியிருக்கும் நமக்கு விமானச் சத்தம் புதிதல்ல. 1941-இல் திறந்த விமானப்படைத் தளம் பக்கத்திலேயே இருக்கிறது. தலைக்கு மேல் போர் விமானம் போனால் சின்னக் குழந்தைதான் அண்ணாந்து பார்க்கும். நாம் காய்கறி பேரத்தை விடமாட்டோம்.

அப்படித்தான் போன மாதம் மாக் மண்டின் பக்கம் நான் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது, தோட்டத்தை விட்டு வந்து தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஓர் அம்மா பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, பெரியவன் கண்ணுல மாட்டுற பெட்டி ஒண்ணு வாங்கித் தாங்கன்னு நிக்கிறான். பாடமெல்லாம் கண்ணு முன்னால வருமாம். நெசமா, இல்ல விளையாட்டுக்குக் கேக்குறானா?"

அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பெட்டியில் மந்திரம் ஒன்றுமில்லை. நம் இரண்டு கண்களும் ஒரே பொருளைச் சற்றே வேறு கோணத்தில் பார்க்கின்றன. மூளை இரண்டையும் சேர்த்து ஆழத்தை உணர்கிறது. 1838-இல் வீட்ஸ்டன் என்ற ஆங்கிலேயர் இரண்டு படங்களையும் கண்ணாடிகளையும் வைத்து இதைக் காட்டினார். வட்டத் தட்டைச் செருகி, விசையைத் தட்டித் தட்டிப் பார்ப்போமே வியூ-மாஸ்டர், அதன் பேரப்பிள்ளைதான் இது. தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்பும், அதுதான் புதுசு. 1968-இல் அமெரிக்காவில் ஐவன் சதர்லண்ட் செய்த கருவி கூரையிலிருந்து தொங்கியது! இதை மெய்நிகர் உலகம் என்கிறார்கள். எதிரே உள்ளதை மறைக்காமல் அதன்மேல் படத்தை ஏற்றுவது இன்னொரு வகை. 2016-இல் பிள்ளைகள் கைப்பேசியை நீட்டித் தெருத்தெருவாய்ப் போக்கிமான் பிடித்தார்களே, அது.

சரி, இதனால் படிப்புக்கு என்ன பயன்? அதற்கு விமானத்துக்கே திரும்பவேண்டும்.

எட்வின் லிங்க் என்ற அமெரிக்கரின் அப்பா ஆர்கன் வாத்தியம் செய்பவர். அந்தத் துருத்தியையும் காற்றுக் குழாயையும் வைத்தே, 1929-இல் தரையைவிட்டு எழும்பாத குட்டி விமானம் ஒன்றை மகன் செய்தார். உள்ளே உட்கார்ந்து திருப்பினால் சாயும், மூக்கைத் தூக்கும். கேளிக்கைப் பூங்காக்காரர்கள்தான் முதலில் வாங்கினார்கள். 1934-இல் ராணுவ விமானிகள் தபால் சுமக்கப் போய், சில வாரங்களுக்குள் பத்துப் பேருக்கு மேல் விபத்தில் மாண்டார்கள். மேகத்திலும் இருட்டிலும் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் பழக்கம் பலருக்கு இல்லை. பிறகுதான் ராணுவம் லிங்கைத் தேடி வந்தது.

தோட்டத்து மக்களுக்கு இதை விளக்கவேண்டுமா? என் அப்பா எனக்குப் பால்வெட்டப் பழக்கியது, சாய்க்கப்போகிற கிழட்டு மரத்தில். இளமரத்தில் கத்தி ஆழமாய்ப் பட்டால் பட்டை முண்டும் முடிச்சுமாய் வளரும். அங்கே மறுபடி வெட்டுவது பெரும்பாடு. மண்டோரின் வாய்க்கு வேறு பதில் சொல்லவேண்டும்!

இன்று வெல்டிங் பழகும் பிள்ளைக்கும் அப்படி ஒரு கிழட்டு மரம் கிடைத்திருக்கிறது. முகமூடிக்குள் திரை, கையில் நிஜத்தைப் போன்ற பிடி. இரும்பும் கம்பியும் வீணாகாது. கை எந்தச் சாய்வில் இருந்தது, எவ்வளவு வேகத்தில் நகர்ந்தது என்று இயந்திரமே கணக்குச் சொல்லும். துறைமுகங்களில் பளுதூக்கி ஓட்டுநர்களும் இப்படிப் பழகுகிறார்கள். ஆனால் சூடும் புகையும் அதில் இல்லை. கடைசியில் நிஜ நெருப்பின் முன் நிற்கத்தான் வேண்டும்.

கைக்குத் தொடுவுணர்வும் வேண்டுமல்லவா? சென்னை ஐஐடியில் பேராசிரியர் மணிவண்ணன் அதைத்தான் பல ஆண்டுகளாக ஆராய்கிறார். கிராமப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்த முறையில் பாடம் நடத்தும் திட்டத்தையும் அந்தக் கழகம் 2022-இல் அறிவித்தது. ஆய்வுக்கூடம் இல்லாத பள்ளியில் படித்தவன் நான். எனக்கு அது பெரிய செய்தி.

செவ்வாய்க் கிரகத்தைச் சுற்றிக் காட்டுகிற வேடிக்கைக்கு மட்டும் சம்பளத்தைக் கொட்டுவது எனக்குச் சம்மதமில்லை. காட்சி தலையோடு ஒத்து நகராவிட்டால் குமட்டும். சின்னப் பிள்ளைகளுக்குக் கூடாதென்று தயாரிப்பாளர்களே வயது வரம்பு வைத்திருக்கிறார்கள். ஆசைக்குப் பார்க்க, 2014-இல் கூகிள் காட்டிய வழி இருக்கிறது: மடித்த அட்டைப்பெட்டி, இரண்டு வில்லைகள், உள்ளே வீட்டிலுள்ள கைப்பேசி. விற்பனையை அவர்கள் 2021-இல் நிறுத்திவிட்டாலும் அட்டையை நாமே வெட்டிக்கொள்ளலாம்.

அந்த அம்மாவிடம் ஒன்றைக் கேட்க மறந்துவிட்டேன். பையன் எந்தத் தொழிலுக்குப் படிக்கப் போகிறான்? அடுத்த சந்தையில் பார்த்தால் முதலில் அதைத்தான் கேட்பேன்.