‘ஒரு கோப்பை ஒயின்’ என்பது அளவாகாது

ஒயின் மென்மையான பானம் என்பதும், நாளுக்கு ஒரு கோப்பையோடு நிறுத்திக்கொள்பவர் மிதமாகவே குடிக்கிறார் என்பதும், அது சிவப்பு ஒயினாக இருந்தால் இதயத்துக்கு நன்மையும் சேரும் என்பதும் மேலை நாடுகளில் நெடுங்காலமாக ஐயமின்றி ஏற்கப்பட்டு, பிற நாடுகளின் நகர்ப்புற வாழ்விலும் பரவியுள்ள கருத்துகளாகும். இவை அனைத்தும் ‘ஒரு கோப்பை’ என்பது எங்கும் ஒரே அளவு என்ற நம்பிக்கையின் மீதே நிற்கின்றன. ஒயின் பரிமாறும் அளவைச் சட்டத்தால் வரையறுத்திருப்பதோடு அது குறித்த ஆய்வுகளையும் நடத்தியுள்ள இங்கிலாந்தின் நடைமுறையை முன்வைத்து நோக்கினால், இந்த நம்பிக்கையும் அதன் மீது எழுந்த கூற்றுகளும் நிலைக்கமாட்டா என்பது தெளிவாகும்.

முதற்கூற்று, நாளுக்கு ஒரு கோப்பை என்பது மிதமான அளவு என்பதாகும். பிரிட்டனில் மதுவின் அளவு ‘யூனிட்’ என்னும் அலகால் கணக்கிடப்படுகிறது. ஒரு யூனிட் என்பது 10 மில்லிலிட்டர், அதாவது ஏறத்தாழ 8 கிராம் தூய ஆல்கஹால். குடிக்கும் பானத்தின் மில்லிலிட்டர் அளவை, புட்டியின் மேல் அச்சிடப்பட்டுள்ள ஆல்கஹால் விழுக்காட்டால் பெருக்கி, வரும் எண்ணை 1000 ஆல் வகுத்தால் யூனிட் கிடைத்துவிடும். இங்கிலாந்தின் மதுக்கூடங்களில் ஒயின் 125 அல்லது 175 மில்லிலிட்டராகவோ அவற்றின் மடங்குகளாகவோ விற்கப்படுகிறது. ‘பெரிய கோப்பை’ எனப்படுவது 250 மில்லிலிட்டர், அதாவது முழுப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு. 12 விழுக்காடு கொண்ட ஒயினை 125 மில்லிலிட்டர் கோப்பையில் நாள்தோறும் அருந்துபவருக்கு வாரத்துக்கு 10.5 யூனிட் சேர, 14 விழுக்காடு கொண்டதை 250 மில்லிலிட்டர் கோப்பையில் அருந்துபவருக்கு 24.5 யூனிட் சேர்கிறது. பிரிட்டனின் தலைமை மருத்துவ அதிகாரிகள் 2016இல் ஆண், பெண் இருபாலருக்கும் பரிந்துரைத்த உச்ச வரம்பு வாரத்துக்கு 14 யூனிட். தினமும் ஒரு கோப்பைதான் என்று இருவருமே உண்மையாகச் சொல்ல முடியும் என்றாலும், ஒருவர் வரம்புக்குள் இருக்க, மற்றவர் அதை வெகுவாகக் கடந்துவிடுகிறார். ஆகவே கோப்பைகளின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு மிதத்தை அளக்க இயலாது. அலகுகளும் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன. அமெரிக்காவில் ‘நிலையான பானம்’ ஒன்று 14 கிராம் ஆல்கஹாலையும் ஆஸ்திரேலியாவில் 10 கிராமையும் குறிப்பதால், ஒரு நாட்டின் அறிவுரையை இன்னொரு நாட்டின் கோப்பையோடு பொருத்துவதும் பிழையாகவே முடியும்.

இரண்டாவது கூற்று, விஸ்கி, பிராந்தி போன்றவற்றோடு ஒப்பிட ஒயின் கடுமையற்றது என்பதாகும். ஒரே அளவு திரவத்தை ஒப்பிட்டால் இது மெய்தான். ஆனால் மனிதர் அருந்துவது பரிமாறப்படும் அளவையே. இங்கிலாந்தில் 40 விழுக்காடு கொண்ட விஸ்கி 25 மில்லிலிட்டர் அளவில் ஊற்றப்படும்போது அதில் ஒரு யூனிட் உள்ளது. 13 விழுக்காடு ஒயின் நிரம்பிய பெரிய கோப்பையில் இருப்பதோ 3.25 யூனிட். மூன்று முறை விஸ்கி வாங்கிக் குடிப்பவரைப் பற்றிக் கவலைப்படும் சுற்றம், அதைவிடக் கூடுதலான ஆல்கஹாலை ஒரே கோப்பையில் எடுத்துக்கொள்பவரை மிதமானவர் என்று கருதுவதற்கு, பானத்தின் மேல் படிந்துள்ள மதிப்பைத் தவிர வேறு காரணம் இல்லை. கல்லீரல் சிதைக்க வேண்டியது எத்தனால் என்னும் ஒரே பொருளைத்தான். அது திராட்சையிலிருந்து வந்ததா தானியத்திலிருந்து வந்ததா என்பதால் அந்த வேலை எளிதாவதில்லை.

மூன்றாவது கூற்றான இதய நலனே மக்களிடையே ஆழமாக வேரூன்றியது. கொழுப்பு மிகுந்த உணவை உண்ணும் பிரெஞ்சு மக்களிடம் இதய நோய் குறைவாக இருப்பதற்கு ஒயின் காரணமாகலாம் என்ற கருத்து 1991இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றின் வழியே பெருமளவில் பரவியது. மறு ஆண்டு செர்ஜ் ரெனோ என்னும் பிரெஞ்சு ஆய்வாளர் இணைந்து எழுதிய கட்டுரை ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளிவந்து அதற்கு வலுவூட்டியது. எனினும் இவ்வகை ஒப்பீடுகள் பலவற்றில் அடிப்படைக் குறையொன்று இருந்தது. குடிக்காதவர் என்று கணக்கிடப்பட்டோரில், ஏற்கெனவே நோயுற்றதனால் குடியை விட்டவர்களும் அடங்கியிருந்தமையால், அளவாகக் குடிப்போர் அவர்களைவிட நலமாகத் தோன்றினர். ஒயின் அருந்துவோர் பலர் வருவாயிலும் உணவுப் பழக்கத்திலும் மேம்பட்டவர்களாக இருந்தமையும் முடிவுகளைத் திரித்தது. இதய நோயைப் பொறுத்தவரை விவாதம் முற்றிலும் ஓய்ந்துவிடவில்லை என்பதையும் நேர்மையோடு ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் பிரிட்டனின் 2016ஆம் ஆண்டு மறுஆய்வு, நிகர நன்மை ஏதேனும் உண்டெனில் அது 55 வயதைக் கடந்த பெண்களுக்கே, அதுவும் வாரத்துக்கு ஏறத்தாழ 5 யூனிட் என்னும் சிறு அளவிலேயே கிடைக்கும் என்று கண்டது. மறுபுறம், மதுபானங்கள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988இலேயே வகைப்படுத்திவிட்டது. எத்தனால் உடலில் சிதையும்போது உருவாகும் அசிட்டால்டிஹைடு உயிரணுக்களின் மரபுப் பொருளைச் சேதப்படுத்துகிறது என்பதும், மார்பகப் புற்றுநோய்க்கான இடர் குறைந்த அளவுக் குடியிலேயே உயரத் தொடங்குகிறது என்பதும் உறுதிப்பட்டுள்ளன. உடல்நலத்துக்கு முற்றிலும் பாதுகாப்பான மது அளவு எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்தபோது ஒயினுக்கு விலக்கு அளிக்கவில்லை. ஆதலால் நலத்தைக் கருதி ஒருவர் குடிக்கத் தொடங்குவதற்கு நியாயம் எதுவும் இல்லை.

நான்காவது கூற்று, பக்குவமுள்ளவருக்குத் தம் எல்லை தெரியும், அளந்து குடிப்பது அடிமைப்பட்டோருக்கே தேவை என்பதாகும். மனிதரின் தீர்மானத்தைக் கோப்பையும் கடையும் எவ்வளவு வழிநடத்துகின்றன என்பதை இக்கூற்று காணத் தவறுகிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இங்கிலாந்தின் பழைய, புதிய ஒயின் கோப்பைகளை ஒப்பிட்டு 2017இல் வெளியிட்ட ஆய்வின்படி, 1700ஆம் ஆண்டளவில் சராசரியாக 66 மில்லிலிட்டராக இருந்த கோப்பையின் கொள்ளளவு 449 மில்லிலிட்டராகப் பெருகியிருந்தது. இவ்வளவும் நிரப்பப்படுவதில்லை என்பது உண்மையே. ஆயினும் அகன்ற கோப்பையில் 125 மில்லிலிட்டர் அடியில் தேங்கிய சிறு அளவாகத் தெரிவதால், வீட்டில் ஊற்றுபவரின் கை இயல்பாகவே தாராளமாகிறது. அதே பல்கலைக்கழகத்தினர் 21 மதுக்கூடங்களில் 250 மில்லிலிட்டர் அளவை மட்டும் நான்கு வாரங்களுக்கு நிறுத்திவைத்துச் செய்த சோதனை 2024இல் வெளிவந்தது. விரும்பியவர்கள் சிறிய கோப்பைகளை மீண்டும் மீண்டும் வாங்கத் தடையேதும் இல்லாதிருந்தும், விற்பனையான ஒயினின் அளவு ஏறத்தாழ 7.6 விழுக்காடு குறைந்தது. அதற்கு ஈடாக பீர் விற்பனை கூடியதற்கான சான்றும் இல்லை. தாமே தீர்மானித்த எல்லை என்று குடிப்பவர் நினைப்பது பெரும்பாலும் பரிமாறியவர் தீர்மானித்த எல்லையே என்பதற்கு இது தெளிவான சான்றாகும்.

அளந்து குடிப்பதால் இன்பம் கெடும் என்ற அச்சத்துக்கும் ஆதாரம் இல்லை. வீட்டிலுள்ள கோப்பையில் அளவுக்குவளை கொண்டு 125 மில்லிலிட்டர் தண்ணீரை ஒருமுறை ஊற்றி, அது எந்த உயரத்தில் நிற்கிறது என்று பார்த்துக்கொள்வதும், புட்டியின் விழுக்காட்டைப் படிப்பதும், கோப்பை காலியாகும் முன்பே பிறர் மீண்டும் நிரப்புவதைத் தவிர்ப்பதும், உணவோடும் இடையிடையே தண்ணீரோடும் மெல்ல அருந்துவதும், வாரத்தில் சில நாட்கள் குடிக்காமல் இருப்பதும் கடினமானவை அல்ல. சுவையை ஊன்றி அறிய விரும்புபவருக்கு இந்த நிதானம் துணையே செய்யும். கருவுற்றவர்களும் வாகனம் ஓட்ட இருப்பவர்களும் மதுவோடு ஒவ்வாத மருந்து உட்கொள்பவர்களும் அறவே தவிர்க்க வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை. மற்றவர்கள் குடிப்பதா வேண்டாமா என்பதை அவரவர் முடிவு செய்யலாம். ஆனால் எவ்வளவு குடிக்கிறோம் என்று அறியாமல் எடுக்கப்படும் முடிவு முடிவாகாது. இந்த அறிவு புட்டியின் மேலும் பரிமாறும் அளவுப் பட்டியலிலும் எளிதில் படிக்கும்படி தரப்படுவதைக் குடிப்பவர்கள் உரிமையாகக் கேட்டுப் பெற வேண்டும்.