கடனில் வாங்கிய கம்பெனியும் ஊழியர் மனமும்

ஒரு கம்பெனி ஒருவர் கையினின்று மற்றொருவர் கைக்கு மாறுங்கால் கட்டடமும் கருவிகளும் கணக்குப் புத்தகங்களும் கைமாறுகின்றன. அங்கு வேலை செய்வோரின் ஊக்கமோ பத்திரத்தில் எழுதி மாற்றத்தக்க பொருளன்று. நெசவாலையிலாவது தறி நின்ற இடத்தில் நிற்கும். புதிய முதலாளி புதிய ஆளைக்கொண்டு அதனை ஓட்டுவித்தல் கூடும். மென்பொருள் கம்பெனியிலோ தறியின் பெரும்பகுதி ஊழியர் தலைக்குள்ளேயே இருக்கின்றது. இத்தகைய கம்பெனிகளைப் பெருந்தொகைக்கு வாங்கி, சில ஆண்டுகள் வைத்திருந்து, பின்னர் விற்றுவிடுதலையே தொழிலாகக் கொண்ட ‘பிரைவேட் ஈக்விட்டி’ நிறுவனங்கள் இக்காலத்திற் பலவுள. அவற்றின் கைக்குச் சென்ற பின் ஊழியர் மனம் சோர்வதற்கு ஆட்குறைப்பே காரணம் என்பர் பலர். ஆட்குறைப்பு ஒரு காரணமே, அதனை மறுப்பாரிலர். எனினும் அதனினும் ஆழ்ந்த காரணம் ஒன்றுண்டு என்பது என் கருத்து. தாம் வாங்காத கடனைத் தம் உழைப்பால் தீர்க்குமாறு ஊழியர் வைக்கப்படுகின்றனர். அதனை அவர்களுக்குத் தெளிவாய் எடுத்துச் சொல்லுவார் ஒருவருமிலர்.

இக்கொள்முதல் நடைபெறும் முறையை முதலில் அறிதல் வேண்டும். ஒருவன் ஒரு வீட்டை வாங்க விரும்புகின்றான். விலையில் ஒரு பகுதியைத் தன் கையிலிருந்தும், எஞ்சிய பெரும்பகுதியைக் கடனாகவும் கொடுக்கின்றான். கடனுக்கு ஈடு அவ்வீடே. இதுவரை புதுமை ஒன்றுமில்லை. ஆயின், அக்கடனைத் தீர்க்கும் பொறுப்பு வாங்கியவன் பேரில் எழுதப்படாமல் வீட்டின் பேரிலேயே எழுதப்பட்டு, குடியிருப்போர் தரும் வாடகையினின்றே வட்டி செலுத்தப்படுமாயின் எங்ஙனம் இருக்கும்? கம்பெனிகளைக் கடனால் வாங்கும் முறை ஏறக்குறைய இதுவே. கடன் வாங்கப்பட்ட கம்பெனியின் தலைமேல் ஏறுகின்றது. வாங்கியவருக்கு நட்டம் நேரினும் அது அவர் இட்ட முதலோடு நின்றுவிடும். அவர்தம் ஊதியமோ வேறு: பிறர் ஒப்படைத்த முதலை மேற்பார்ப்பதற்கு வழக்கமாக ஆண்டுதோறும் நூற்றுக்கு 2 வீதமும், விற்கும்போது வரும் இலாபத்தில் நூற்றுக்கு 20 வீதமும் பெறுகின்றனர்.

சிட்ரிக்ஸ் என்னும் கம்பெனியின் வரலாறு இதற்குத் தக்க சான்று. அமெரிக்காவில் 1989-ல் எட் ஐக்கபூச்சி என்பார் அதனைத் தொடங்கினார். அது டெக்ஸாஸ் மாகாணத்திற் பிறந்து ஃபுளோரிடாவில் வளர்ந்தது. அலுவலகத்திலுள்ள கணிப்பொறியைத் தொலைவிலிருந்தே இயக்குதற்குரிய மென்பொருளைச் செய்து உலகெங்கும் வாடிக்கை பெற்றது. பெங்களூரிலும் அதற்குப் பெரிய பணிமனை உண்டு. 2022 ஜனவரி 31-ந் தேதியன்று விஸ்டா என்னும் முதலீட்டு நிறுவனமும், எல்லியட் நிறுவனத்தைச் சார்ந்த மற்றொன்றும் கூடி, அதனை 1,650 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தன. அதற்கெனத் திட்டமிட்ட கடன் ஏறக்குறைய 1,500 கோடி டாலர். அவ்வாண்டு செப்டம்பர் இறுதியிற் கொள்முதல் முடிந்தது. விஸ்டா 2014 முதல் வைத்திருந்த டிப்கோ என்னும் கம்பெனியோடு சிட்ரிக்ஸ் இணைக்கப்பட்டு, இரண்டுக்கும் ‘கிளௌட் சாஃப்ட்வேர் குரூப்’ எனப் புதுப்பெயர் இடப்பட்டது.

பேரம் பேசியபோது வட்டி மிகக் குறைந்திருந்தது. 2022 மார்ச்சு மாதத்திலிருந்து அமெரிக்க மத்திய வங்கி அதனை உயர்த்தத் தொடங்கிற்று. சூனியத்தை ஒட்டியிருந்த விகிதம் 2023 நடுவில் நூற்றுக்கு 5-ஐத் தாண்டியது. சிட்ரிக்ஸ் கொள்முதலுக்குக் கடன் கொடுக்க இசைந்த வங்கிகள் அக்கடன் பத்திரங்களைப் பிறருக்குத் தள்ளுபடி விலையில் விற்க நேர்ந்து 50 கோடி டாலருக்கு மேல் இழந்தன. வங்கிகளின் இழப்பைப் பத்திரிகைகள் விரிவாய் எழுதின. அதே கடன் ஊழியர்க்குச் செய்வது யாதென எண்ணிப் பார்த்தோர் சிலரே. 1,500 கோடிக்கு நூற்றுக்கு 8 வீதம் வட்டி என்று வைத்துக்கொண்டாலும் ஆண்டொன்றுக்கு 120 கோடி டாலர் ஆகின்றது. புதிய பொருளொன்றும் ஆக்காமல், புதிய வாடிக்கை ஒன்றும் தேடாமல், முதலில் எடுத்துவைக்க வேண்டிய தொகை இது. 2023 ஜனவரியில் ஊழியருள் நூற்றுக்குப் பதினைவர் அளவில் நீக்கப்பட்டனர் என்று செய்தி வந்தது. 2024 ஜனவரியில் மீண்டும் நூற்றுக்குப் பன்னிருவர் அளவில் நீக்கம் அறிவிக்கப்பட்டது.

நடுநிலைமையும் வேண்டும். சிட்ரிக்ஸ் கைமாறுவதற்கு முன்னரே தளர்ந்திருந்தது. 2021 அக்டோபரில் அதன் தலைவர் விலகினார். அடுத்த மாதமே ஆட்குறைப்புத் திட்டமும் வெளிவந்தது. ஆதலின் பின்னர் நேர்ந்த எல்லாவற்றையும் புதிய உடைமையாளர் தலையிற் சுமத்துதல் முறையன்று. சோம்பிக்கிடந்த சில கம்பெனிகள் கண்டிப்பான கணக்கர் கையிற்பட்டுச் சீர்பெற்றதும் உண்டு.

இனி, நீக்கப்படாமல் எஞ்சியோர் நிலையைப் பார்ப்போம். நீக்கப்பட்டவர்பால் யாவரும் இரங்குகின்றனர். எஞ்சியோரைப் பாக்கியசாலிகள் என்கின்றனர். மென்பொருள் என்பது ஒருமுறை கட்டி முடித்து விட்டுவிடும் மண்டபமன்று. பத்து, இருபது ஆண்டுகளாகப் பலர் எழுதிச் சேர்த்த இலட்சக்கணக்கான வரிகள் அதில் உள. இன்ன வரியை ஏன் இங்ஙனம் எழுதினர், அதனைத் தொட்டால் வேறெங்கு உடையும் என்பது பலவிடங்களில் எந்த ஏட்டிலும் இல்லை. இரண்டொருவர் நினைவில் மட்டுமே இருக்கும். அவ்விருவருள் ஒருவர் ஒரு காலையில் நுழைவுச்சீட்டு செல்லாதவராய் வாயிலில் நிறுத்தப்படுகின்றார். மற்றவர் இருவர் வேலையையும் ஏற்கின்றார். அவருக்கு மூன்று மாதத்திற்குள் மற்றோரிடத்தில் வேலை கிடைக்கும். ஏனெனில் அவர் வல்லவர். வல்லவரே முதலிற் புறப்படுவர் என்பது இத்தொழிலில் யாவரும் அறிந்தது. பின்னிற்போர் பிழைகண்டாலும் வாய் திறவார். ‘இத்திட்டம் ஆகாது’ என்று கூட்டத்தில் எழுந்து சொன்னவர் பெயர் அடுத்த பட்டியலில் ஏறுமோ என்னும் அச்சம் அவரை அடக்குகின்றது. சோதனை செய்வோர் குறைக்கப்பட்ட பின், பிழையை முதலிற் காண்பவர் வாடிக்கைக்காரரே. அவர் தொலைபேசியிற் கூப்பிட, அப்பகுதியை எழுதியவர் எவரோ என்றறியாத ஒருவர் விடை கூறுகின்றார்.

இத்தனைக்கும் நடுவே மேலிடத்தினின்று வரும் கடிதங்களின் நடையை என்னென்பது! ‘புதிய பயணம்’ என்பர், ‘குடும்பம்’ என்பர், ‘திறனை ஒருமுகப்படுத்துகின்றோம்’ என்பர். வட்டி என்னும் சொல் அவற்றுள் ஒருபோதும் தலைகாட்டுவதில்லை. ஊழியர் மூடரல்லர். கணக்கிடும் பொறிக்கே கணக்குக் கற்பிக்கும் அவர்கட்கு 1,500 கோடிக்கு வட்டி கணக்கிடத் தெரியாதா? தெரிந்த உண்மையை மறைத்துப் பேசுவோரிடத்து மதிப்புக் குறைகின்றது. மதிப்பு நீங்கியவிடத்து ஊக்கம் தங்குவதில்லை. கசப்பான செய்தியையும் நேரே கேட்டவர் ஒருவாறு தாங்கிக்கொள்வர்.

‘தன் பொருளைத் தான் விரும்பியவாறு செய்ய உடைமையாளனுக்கு உரிமையில்லையா?’ என வினவுவார் உளர். திராட்சத் தோட்டத்துக் கூலியாட்களைப் பற்றிய உவமையைச் சான்று காட்டுவாரையும் நான் கேட்டிருக்கின்றேன். அவ்வுவமையை அவர் முழுதும் படித்தாரோ என ஐயுறுகின்றேன். அவ்வீட்டெஜமான் அவ்வுரிமையைக் கூலியைக் குறைப்பதற்கன்று, கடைசியில் வந்தவனுக்கும் நிறையக் கொடுப்பதற்கே எடுத்துக்காட்டினான். அன்றியும், தோட்டத்தை அடகு வைத்து அதன் வட்டியைக் கூலியாட்கள்மேல் சுமத்தியவனும் அல்லன்.

இதனினும் வலிய தடை ஒன்றுண்டு. இந்நிறுவனங்கள் கையாளும் முதல் யாருடையது? பெரும்பகுதி ஓய்வூதிய நிதிகளும் பல்கலைக்கழக அறநிதிகளும் ஒப்படைத்தது. 2015-ல் இன்ஃபர்மேடிக்கா என்னும் மென்பொருள் கம்பெனியை வாங்கியோருள் கானடா நாட்டு ஓய்வூதிய முதலீட்டுக் கழகமும் ஒன்று. யேல் பல்கலைக்கழகம் தன் அறநிதியின் கணிசமான பங்கை இவ்வழியில் இட்டுப் பெருக்கியதும் பலரறிந்த செய்தி. ஆகவே ஒரு தொழிலாளியின் முதுமைக்கால ஊணுக்காக மற்றொரு தொழிலாளியின் வேலை போகின்றது. ஆசிரியராகிய நாம் இதனைக் கேட்டுச் சற்றே தலைகுனிதல் தகும். ஆயினும் ஓய்வூதியம் பெறுவோர் இவ்வாறு ஈட்டுக என்று கேட்டாரிலர். அவர்களுக்கும் இவ்வழி இன்னதென்று சொல்லப்படவில்லை. இரு பக்கத்தும் உழைப்போர் அறியாதிருக்க, நடுவில் நிற்போர் மட்டும் யாவும் அறிந்திருக்கின்றனர்.

பங்கு விஷயத்திலும் இம்மறைவே கேடு விளைக்கின்றது. மென்பொருள் ஊழியர்க்குச் சம்பளத்தோடு பங்குரிமையும் கொடுத்தல் வழக்கம். 2009-ல் ஸில்வர் லேக் என்னும் முதலீட்டு நிறுவனத்தின் தலைமையில் ஒரு குழு ஸ்கைப் கம்பெனியின் பெரும்பங்கை வாங்கி, 2011-ல் மைக்ரோஸாஃப்டுக்கு 850 கோடி டாலருக்கு விற்க ஒப்பந்தம் செய்தது. அப்போது ஓர் உண்மை வெளிப்பட்டது: பங்குரிமை முற்றியிருந்தும், இடையில் விலகிய ஊழியரிடமிருந்து கம்பெனி அதனைக் கொடுத்த விலைக்கே திரும்பப் பெறலாம் என்பது விதி. விலகியோர் வெறுங்கையராயினர். இதற்கு மாறானதும் நிகழ்ந்துளது. கே. கே. ஆர். என்னும் முதலீட்டு நிறுவனம் இல்லினாய்ஸ் மாகாணத்தில் வண்டிக்கொட்டகைக் கதவுகள் செய்யும் ஸி. ஹெச். ஐ. கம்பெனியை 2015-ல் வாங்கி, ஏறக்குறைய 800 ஊழியர்க்கும் பங்கு கொடுத்து, கணக்கையும் அவர்க்கு விளக்கி வந்தது. 2022-ல் 300 கோடி டாலருக்கு விற்றபோது மணிக்கூலி பெறுவோரும் லாரி ஓட்டுநரும் சராசரியாக ஆளுக்கு 1,75,000 டாலர் பெற்றனர். இரண்டும் ஒரே தொழிலைச் செய்யும் முதலீட்டு நிறுவனங்களே. ஆதலின் ‘இம்முறையில் வேறு வழியில்லை’ என்பது பொருந்தாது.

சட்டம் இதுவரை செய்தது சிறிது. அமெரிக்காவில் 1988-ஆம் ஆண்டுச் சட்டம் பெருந்தொகையான நீக்கத்திற்கு 60 நாள் முன்னறிவிப்புக் கேட்கின்றது. 2011-ல் ஐரோப்பிய ஒன்றியம் செய்த விதிகளின்படி, பங்குச் சந்தையில் இல்லாத கம்பெனியைத் தன்வயப்படுத்தும் முதலீட்டு நிறுவனம் வேலைவாய்ப்பில் நேரக்கூடிய விளைவைப்பற்றித் தன் நோக்கத்தை வெளியிடல் வேண்டும். ஊழியர் பிரதிநிதிகட்கும் அது சென்று சேர முயலல் வேண்டும். கொள்முதலுக்குப் பணம் வந்த வகையையோ அரசாங்க அதிகாரிக்கும் முதலிட்டோருக்கும் அறிவித்தாற் போதும். ஊழியர் அப்பட்டியலில் இலர்! இவ்வொரு விதியைத் திருத்தி, கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு, எத்தனை ஆண்டில் விற்க எண்ணம் என்பவற்றை ஊழியர்க்கும் சொல்லுமாறு செய்தாலே பாதி நோய் தீரும்.

இஃது அயல்நாட்டுச் செய்தி என்று நம் மாணவர் வாளா இருத்தற்கில்லை. சிறுசேரியிற் பெரிய வளாகம் உடைய ஹெக்ஸாவேர் 2013-ல் பேரிங் கைக்கும், 2021-ல் கார்லைல் கைக்கும் மாறி, 2025-ல் மீண்டும் பங்குச் சந்தைக்கு வந்தது. பெங்களூர் எம்ஃபஸிஸ் 2016-ல் பிளாக்ஸ்டோன் கைக்குச் சென்றது. வேலைக்குச் செல்லும் பட்டதாரி சம்பளத்தை மட்டும் கேட்டுக் கையொப்பமிடுகின்றான். கம்பெனி யாருடையது, அதன்மேற் கடன் எவ்வளவு, விலகினால் தன் பங்கின் கதி யாது என்பவற்றையும் அவன் கேட்டல் வேண்டும். ஸ்கைப் ஊழியரின் ஒப்பந்தத்தில் அவ்விதி விரித்து எழுதப்படவில்லை. வேறொரு பத்திரத்தைப் பார்க்க என்று ஒரு குறிப்பு மட்டுமே இருந்தது. அவ்வேறு பத்திரத்தையும் கேட்டு வாங்கிப் படித்தல் வேண்டும்.