புலிச்சுறாவும் வயல் ஆந்தையும்

நம் தஞ்சை வயல்களில் குச்சிகளை நட்டு, உச்சியில் குறுக்குக் கட்டை கட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரவில் ஆந்தை வந்து அமர்ந்து எலி பிடிப்பதற்காக உழவர் செய்யும் ஏற்பாடு அது. ஆந்தைக்கு இரை கிடைக்கிறது, நெல்லும் பிழைக்கிறது. கடலிலும் இப்படி ஒரு காவல்காரன் உண்டு. அதுதான் புலிச்சுறா.

இதைப் பெருந்தீனிக்காரன் என்பார்கள். அது பொய்யல்ல. 5 மீட்டர் வரை வளரும் இச்சுறா மீன், கணவாய், கடற்பாம்பு, பறவை, ஆமை, செத்த திமிங்கிலம் என எதையும் விடுவதில்லை. சேவற்கொண்டை போல் வளைந்த அதன் பற்களின் விளிம்பு ரம்பம் போன்றது. ஆமை ஓட்டையும் அறுத்துவிடும். அதன் வயிற்றில் டயர்கூடக் கிடைத்ததுண்டு!

இந்தப் பசியால் கடலுக்கு நன்மை உண்டா? ஆஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடாவில் ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் கவனித்தனர். அங்கே கடற்பசுக்கள் கடற்புல்லை மேய்கின்றன. புலிச்சுறாக்கள் மிகுந்த காலத்தில் அவை புல்லை வேரோடு தோண்டித் தின்பதைக் குறைத்துக்கொண்டன. ஆபத்தான இடங்களைவிட்டு விலகின. சுறா தின்றது சிலவற்றை. அஞ்சி விலகியவையோ பல. அதனால் புல்லுக்கு ஓய்வு கிடைத்தது.

நமக்கும் இதில் பாடம் உண்டு. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு 2022-இல் அறிவித்தது. அங்குள்ள கடற்புல் வெளிகள்தாம் இறாலுக்கும் மீன்குஞ்சுக்கும் தொட்டில். ஆனால், கடற்பசுவைக் காக்க வேண்டும் என்பவர்களில் எத்தனை பேர் சுறாவையும் காக்க வேண்டும் என்கிறார்கள்?

"கடற்பசுவே அருகிவிட்டதே, அதைத் தின்னும் சுறாவையா காப்பது?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இவ்விரண்டும் மனிதன் வலை வீசுவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே ஒன்றாக வாழ்ந்தவை. கடற்பசுவை அருகச் செய்தவை வேட்டையும், வலையும், புல்வெளியின் அழிவும்தாம்.

புலிச்சுறா ஓராண்டுக்கு மேல் குட்டிகளைச் சுமக்கிறது. அக்குட்டிகள் பருவமடையப் பல ஆண்டுகளாகும். மத்தியைப் போல் விரைவில் பெருகும் இனமன்று. ஆகவே உயிரோடு சிக்கும் சுறாக்குட்டிகளைக் கடலிலேயே விட்டுவிட வேண்டும் என்பது என் கருத்து. சந்தையில் வாங்கும் நாமும் குட்டிச் சுறாவை ஒதுக்கினால்தான் மீனவர் அதை விடத் துணிவார்.

விதைநெல்லைக் குத்திச் சோறாக்கினால் அடுத்த பட்டத்தில் எதை விதைப்பது? டெல்டாப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா, என்ன?